காசு கட்டுவதற்கு முன்



பஸ் லேன் தண்டம் பற்றிச் சென்ற இதழின் மூலையொன்றில் சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களும் அழைப்புகளும் இன்னும் ஓயவில்லை. ஹரோவிலிருந்து, ஈஸ்ட் ஹாமிலிருந்து, டூட்டிங்கிலிருந்து, குரோய்டனிலிருந்து என்று லண்டனின் நாலா பக்கமும் இருந்து எழுதியிருக்கிறீர்கள். ஊர்தான் வேறு, கதை ஒன்றுதான். கவுன்சிலிலிருந்தோ, லண்டன் போக்குவரத்து நிறுவனமான டி.எஃப்.எல். இலிருந்தோ கடிதம் வருகிறது. அதில் கார் இருக்கும் படம், கீழே 160 பவுண்ட், 14 நாளுக்குள் கட்டினால் 80. ஒரு தம்பி தொலைபேசியில் சொன்னார்: "பிழை என்ரை இல்லை எண்டு தெரியும் அண்ணை. எண்டாலும் எண்பதோடை போகட்டும் எண்டு கட்டிப்போட்டன்."

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்தது அந்தத் தம்பிக்காகத்தான். பிழை செய்தவர் தண்டம் கட்டுவது நியாயம். பிழை செய்யாதவர், தான் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டே, பயத்தில் கட்டுவது எனக்கு மனவருத்தம் தருகிறது. எங்கள் ஆட்களிடம் இது அதிகம். உத்தியோகபூர்வக் கடிதம் என்றாலே ஒரு நடுக்கம். விசா இருக்கிறது, பிரஜாவுரிமை விண்ணப்பம் போயிருக்கிறது, இந்த நேரத்தில் கவுன்சிலோடு ஏன் வம்பு என்று நினைக்கிறோம். இரவு வேலை முடித்து வந்து, ஆங்கிலத்தில் நாலு பக்கக் கடிதத்தை வாசித்து, பதில் எழுத யாருக்குத் தெம்பு இருக்கிறது?

ஆகவே முதலில் அந்தப் பயத்தை இறக்கி வைப்போம். பஸ் லேனில் கமரா பிடித்து அனுப்பும் தண்டம் குற்றவியல் விவகாரம் அல்ல. லைசென்ஸில் புள்ளி ஏறாது. குற்றப் பதிவும் விழாது. கடிதம் வருவது வாகனத்தின் சொந்தக்காரர் பெயருக்கு, ஓடியவர் பெயருக்கு அல்ல. கார் அப்பா பெயரில் இருந்து மகன் ஓடியிருந்தால் பொறுப்பு அப்பாவுடையது. "நான் அன்றைக்கு வீட்டை விட்டே வெளிக்கிடவில்லை" என்று அப்பா எழுதிப் பயனில்லை. அவருக்குத் தெரியாமல், அவர் சம்மதமில்லாமல் யாரோ வாகனத்தைக் கொண்டுபோயிருந்தால்தான் அது ஒரு காரணமாகும். கடிதம் வந்தபின் ஆட்சேபம் தெரிவிக்க 28 நாள் இருக்கிறது. அப்படி எழுதுவது உங்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமை. கவுன்சில் அதைச் சண்டையாக எடுத்துக்கொள்ளாது. அவர்களுக்கு அது நாளாந்த வேலை.

பஸ் லேன் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லண்டனின் முதலாவது பஸ் லேன் 1968ல் வொக்ஸ்ஹோல் பாலத்தில் வந்தது. எண்பது பேர் ஏறக்கூடிய ஓர் ஈரடுக்குப் பஸ், ஆளுக்கொரு கார் வைத்திருக்கும் வரிசைக்குப் பின்னால் நிற்கக்கூடாது என்பதுதான் அதன் நியாயம். அந்த எண்பது பேரில் நம்மவர்கள் எத்தனை பேர்! விடியற்காலையில் வேலைக்குப் போகும் துப்புரவுத் தொழிலாளர்கள், ஆஸ்பத்திரித் தாதிமார், ஃபிரீடம் பாஸோடு கோயிலுக்குப் போகும் எங்கள் அம்மாக்கள். லேன் வெறுமையாகக் கிடக்கிறதே என்று அதில் புகுந்து ஓடுபவருக்காக நான் ஒரு வரியும் எழுதமாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். கடிதம் கிடைத்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, கவுன்சில் வைத்திருக்கும் வீடியோவைப் பார்ப்பது. கடிதத்தில் உள்ள இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் அவர்களுடைய இணையதளத்தில் போட்டால் படமும் வீடியோவும் வரும். கடிதத்தில் அச்சாகியிருக்கும் ஒற்றைப் படத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அதில் கார் லேனுக்குள் இருப்பது மட்டுமே தெரியும். ஏன் அங்கே போனது, எவ்வளவு நேரம் நின்றது, முன்னால் என்ன நடந்தது என்பதை வீடியோ சொல்லும். பின்னால் நீல விளக்கோடு வந்த அம்புலன்ஸுக்கு வழிவிட்டீர்களா? பழுதாகி நின்ற லொறியைச் சுற்றிப் போனீர்களா? பொலிஸ்காரர் கைகாட்டினாரா? வீடியோவில் அது தெரிந்தால் உங்கள் பாதி வேலை முடிந்தது. உங்கள் காரில் டாஷ்காம் இருந்தால் அன்றைய பதிவை உடனே வேறாக எடுத்து வையுங்கள். பழைய பதிவுகள் சில நாளில் தானாக அழிந்து போகலாம்.

இரண்டாவது வேலை, அந்த இடத்துக்குத் திரும்பப் போவது. சலித்துக்கொள்ளாதீர்கள். வழக்கு வெல்வதும் தோற்பதும் அந்த வீதியோரத்தில்தான்.

பஸ் லேனுக்கு ஒரு நீலப் பலகை இருக்கவேண்டும். பஸ், சைக்கிள், டாக்சி என்று யார் யார் போகலாம் என்பதும், 24 மணி நேர லேன் அல்லாவிட்டால் எந்த நாட்களில், எந்த நேரத்தில் லேன் நடைமுறையில் இருக்கிறது என்பதும் அதில் இருக்கும். தரையில் தடித்த வெள்ளைக் கோடும் 'பஸ் லேன்' என்ற எழுத்தும் இருக்கும். பலர் மாட்டிக்கொள்வது நேரத்தில். கவுன்சில் வீதிகளில் காலை 7 முதல் 10, பின்னேரம் 4 முதல் 7 என்ற மாதிரிப் பலகைகள் இன்னும் உண்டு. டி.எஃப்.எல். கையில் இருக்கும் சிவப்புக் கோட்டு வீதிகள் பெரும்பாலும் அப்படி அல்ல. 2020ல் அங்கே 24 மணி நேர பஸ் லேனைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். டூட்டிங் ஹை ஸ்ட்ரீட் அப்படியான சிவப்புக் கோட்டு வீதிதான். பத்து வருடமாக ஓடும் பாதை, இரவு எட்டு மணிக்கு லேன் திறந்திருக்கும் என்று பழைய நினைப்பில் போய் மாட்டியவர்கள் நிறையப் பேர். பலகை சரியாக மாற்றப்பட்டிருந்தால் பழக்கதோஷம் ஒரு வாதமாகாது. பலகை இல்லாவிட்டால், சரிந்து போயிருந்தால், மரம் மறைத்திருந்தால் கதை வேறு.

இந்த இடத்தில் ஒரு வாசகி எழுதிய கடிதத்தைச் சொல்லவேண்டும். முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்பவர். பக்கத்து ஒழுங்கையிலிருந்து இடப்பக்கம் திரும்பிப் பெரிய வீதியில் ஏறியிருக்கிறார். ஏறிய இடம் பஸ் லேனின் நடுப்பகுதி. தொடக்கப் பலகை அவருக்குப் பின்னால் போய்விட்டது. அடுத்த நினைவூட்டல் பலகை முன்னால் இருந்தாலும் அதன் மேல் ஒரு மரக்கிளை தழைத்து விழுந்திருந்தது. தண்டம் வந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருக்கிறார். மகன் காரை ஓட்ட, சாரதி இருக்கையின் உயரத்தில் தொலைபேசியைப் பிடித்து, ஒழுங்கையிலிருந்து திரும்பும்போது கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை அப்படியே எடுத்திருக்கிறார். நடைபாதையில் நின்று அண்ணாந்து எடுத்த படமும் ஒன்று வைத்திருக்கிறார். அதில் இலைகளுக்கு நடுவே பலகையின் ஒரு நீல மூலை மட்டும் தெரிகிறது.

கவுன்சில் முதலில் மறுத்துவிட்டது. எங்கள் பலகைகள் விதிப்படி உள்ளன என்று ஒரு பந்தி எழுதி, அதே பலகையின் படத்தையும் இணைத்திருந்தார்கள். வாசகி விடவில்லை, இத்தகைய தண்டங்களை விசாரிக்கும் நடுவரிடம் மேன்முறையீடு செய்தார். நடுவர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார். கவுன்சில் அனுப்பிய படத்தில் மரம் மொட்டையாக நிற்கிறது. அது மாரிகாலத்தில் எடுத்த படம். வாசகி ஓடியது ஜூலையில். தண்டம் ரத்தானது. "நான் தமிழிலை கதைச்சிருந்தா இன்னும் நல்லாச் சொல்லியிருப்பன்" என்று கடிதத்தை முடித்திருந்தார். அக்கா, நீங்கள் சொன்னது போதும். படமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வீதி அதிகாரசபை, சாரதிக்குப் போதுமான தகவல் தரும்படி பலகைகளை வைக்கவேண்டும் என்று 1996ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. 'போதுமான' என்பதுதான் அங்கே அளவுகோல். கோட்டில் ஒரு சாண் அழிந்திருக்கிறது, எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கிறது என்பதற்காகத் தண்டம் தானாக விழுந்துவிடாது. சண்டர்லாண்ட் நகரத்து வாகனத் தரிப்பு வழக்கொன்றில் 2011ல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் தெளிவாக்கியது. சில்லறைக் குறைகள் முழு ஏற்பாட்டையும் செல்லாததாக்கிவிடா, சாரதி தவறாக வழிநடத்தப்பட்டாரா என்று பார்க்கவேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே அளவு நாடாவோடு போய்க் கோட்டின் அகலம் அளப்பதை விட, உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதைக் காட்டுங்கள்.

இடப்பக்கம் திரும்புகிறவர்கள் பற்றியும் பலர் கேட்டிருந்தீர்கள். பல சந்திகளில் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னதாகவே பஸ் லேன் முடிந்துவிடும், திரும்புகிறவர்கள் இடம் பிடிப்பதற்காக. பின்னால் வருபவன் ஹோர்ன் அடிக்கிறானே என்ற பதற்றத்தில் கோடு முடிவதற்கு முன்பே புகுந்துவிடுகிறோம். ஓரிரு கார் நீளம், ஓரிரு விநாடி என்றால், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத அற்ப மீறல் என்று நடுவர்கள் ஏற்ற தீர்ப்புகள் உண்டு. ஏற்காத தீர்ப்புகளும் உண்டு. வீடியோவில் உங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றிருந்தால் அந்த வாதத்தை நான் எடுக்கமாட்டேன்.

மினிகப் ஓடும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பஸ் லேனில் உங்களுக்கு ஓட அனுமதி இல்லை. ஆனால் நிறுத்தத் தடை இல்லாத இடத்தில் ஆளை ஏற்றவோ இறக்கவோ உள்ளே வரலாம். அப்படி வந்ததற்குத் தண்டம் கிடைத்தால், அந்த நேரத்துப் புக்கிங் பதிவை இணைத்து எழுதுங்கள். பலர் வெறும் வாய்ச்சொல்லாக எழுதி மறுப்பு வாங்குகிறார்கள். பதிவு கையிலிருக்கும் தொலைபேசியிலேயே கிடக்கிறது.

கறுப்பு டாக்சிக்கு உள்ள சலுகை எங்களுக்கு ஏன் இல்லை என்ற உங்கள் கேள்வியை ஒரு நிறுவனம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2010 ஒக்டோபரில் சவுதாம்ப்டன் ரோ வீதியின் பஸ் லேனில் ஓடியதற்காக, அடிசன் லீ குழுமத்தைச் சேர்ந்த ஈவென்டெக் நிறுவனத்தின் கார்களுக்குக் காம்டன் கவுன்சில் தண்டம் அனுப்பியது. இரண்டே இரண்டு தண்டக் கடிதங்கள். நிறுவனம் நடுவரிடம் போய்த் தோற்றது, உயர் நீதிமன்றம் போய்த் தோற்றது. இதற்கிடையே 2012 ஏப்ரலில் அந்தக் குழுமத்தின் தலைவர் தன் சாரதிகளைப் பஸ் லேனில் ஓடும்படி வெளிப்படையாகவே சொல்ல, டி.எஃப்.எல். நீதிமன்றத் தடை உத்தரவு வாங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் கேள்வியை லக்ஸம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. கறுப்பு டாக்சிக்கு மட்டும் பஸ் லேனைத் திறந்துவிடுவது அரசு ஒரு தரப்புக்குக் கொடுக்கும் சட்டவிரோதச் சலுகையா என்பது கேள்வி. 2015 ஜனவரி 14 அன்று பதில் வந்தது. வீதியில் கைகாட்டி ஏறுபவரை ஏற்றும் உரிமை கறுப்பு டாக்சிக்கு மட்டுமே உண்டு. கட்டணம் மீட்டர்படி கட்டுப்படுத்தப்பட்டது. சக்கர நாற்காலியை ஏற்றும் வசதி அதில் கட்டாயம். சாரதி நகரத்தின் வீதிகளை ஆழமாகக் கற்றிருக்கவேண்டும். இரண்டு தரப்பும் ஒரே நிலையில் இல்லாததால் இது அப்படியான சலுகையாகத் தோன்றவில்லை என்றது நீதிமன்றம்.

அந்த நிறுவனம் தோற்றதுதான். எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. வீட்டுக்கு வரும் தண்டக் கடிதத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறதே, அதே மேன்முறையீட்டு வாசலால்தான் அந்த வழக்கும் உள்ளே போனது. கொழுத்த நிறுவனத்துக்கும் இரவு வேலை செய்யும் அக்காவுக்கும் முதல் படி ஒன்றுதான்.

அந்தப் படியைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கவுன்சில் உங்கள் ஆட்சேபத்தை மறுத்தால் மறுப்புக் கடிதம் வரும். அதிலிருந்து 28 நாளுக்குள் 'லண்டன் டிரைபியூனல்ஸ்' என்ற நடுவர் மன்றத்துக்குப் போகலாம். லண்டனுக்கு வெளியே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'டிராஃபிக் பெனால்டி டிரைபியூனல்' அந்த வேலையைச் செய்கிறது. கட்டணம் ஒன்றும் இல்லை. நடுவர்கள் சட்டத்தரணிகள், கவுன்சிலின் ஆட்கள் அல்லர். எழுத்து மூலமாகவே முடித்துக்கொள்ளலாம், அல்லது விசாரணையில் கலந்துகொண்டு பேசலாம். உங்களுக்காகப் பேச மகளையோ நண்பரையோ கூட்டிப் போகலாம். தோற்றால் கவுன்சிலின் செலவைக் கட்டவேண்டி வருமோ என்று பயப்படாதீர்கள். வேண்டுமென்றே வீண் வழக்காடினால் தவிர அப்படி உத்தரவு வராது. நீங்கள் மேன்முறையீடு செய்ததும் கவுன்சில் தன் ஆதாரங்களைத் தயாரித்து அனுப்பவேண்டும். சில வேளை அவர்கள் 'போட்டியிடவில்லை' என்று எழுதிக் கைவிட்டுவிடுவார்கள். பழைய தீர்ப்புகளின் பதிவேடு பொதுமக்கள் பார்க்கத் திறந்தே இருக்கிறது. உங்கள் வீதியின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

அரைவாசிக் கழிவைப் பற்றி நேராகப் பேசிவிடலாம். 14 நாளுக்குள் ஆட்சேபம் எழுதியவர்களுக்கு, மறுக்கும்போது அரைவாசித் தொகையைக் கட்ட இன்னொரு தவணை கொடுக்கும் கவுன்சில்கள் பல. உங்கள் கடிதத்தில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் ஆட்சேபத்தை எழுதுவதில் உங்களுக்கு நட்டமே இல்லை. நடுவரிடம் போகும்போதுதான் 80 பவுண்டா, 160 பவுண்டா என்ற கணக்கு வரும். அந்த இடத்தில் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று ஆறுதலாக எடை போடுங்கள். ஆதாரம் இல்லாத நியாயத்தோடு நடுவரிடம் போகச் சொல்லி உங்களை நான் உசுப்பேற்றமாட்டேன். ஆதாரம் இருந்தும் 80க்குப் பயந்து ஒதுங்காதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

கடிதம் எழுதும்போது பலரும் மனக்குறையைக் கொட்டிவிடுகிறார்கள். அம்மாவுக்குச் சுகமில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, வேலைக்குப் பிந்திவிட்டது. இவை உண்மையான துயரங்கள்தான். கவுன்சில் மனம் வைத்தால் இவற்றுக்காகத் தண்டத்தை விட்டுக்கொடுக்கலாம். ஆகவே முதல் கடிதத்தில் சுருக்கமாகச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தால் இணையுங்கள். நடுவரிடம் போனபின் அதில் தங்கியிருக்கக்கூடாது. மீறல் நடந்ததா, பலகை சரியாக இருந்ததா, நீங்கள்தான் சொந்தக்காரரா என்று சட்டம் குறித்த காரணங்களைத்தான் அவர் பார்க்கலாம். இரக்கம் காட்டும் அதிகாரம் அவரிடம் இல்லை. நல்ல ஆங்கிலம் வரவில்லையே என்ற கவலையும் வேண்டாம். திகதி, நேரம், இடம், நடந்தது என்ன, இணைத்த படம் எதைக் காட்டுகிறது: ஐந்தாறு எளிய வசனம் போதும். மாதிரிக் கடிதம் ஒன்றை இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறோம்.

இனி, கடிதத்தைத் திறக்காமலே வைத்திருப்பவர்களுக்கு. உங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. குறித்த நாட்களுக்குள் ஒன்றும் செய்யாவிட்டால் தொகை அரை மடங்கு கூடும், 160 என்பது 240 ஆகும். அதன்பின் நோர்தாம்ப்டனில் உள்ள டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில் கடனாகப் பதிவாகும். பிறகு கடன் வசூலிக்கும் பேலிஃப் கதவைத் தட்டுவார், அவருடைய கட்டணமும் உங்கள் தலையில்தான். பலருக்கு இது நடப்பது அலட்சியத்தால் அல்ல, வீடு மாறியதால். வாடகை வீட்டை விட்டு வேறு வீடு போகிறோம். வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஜீ.பி.க்கும் புதிய விலாசம் கொடுக்கிறோம். காரின் பதிவுப் புத்தகமான லொக்புக்கை மறந்துவிடுகிறோம். எல்லாக் கடிதமும் பழைய வீட்டுக் கதவடியில் குவிகிறது. லைசென்ஸில் விலாசம் மாற்றினால் லொக்புக்கில் தானாக மாறாது, இரண்டையும் தனித்தனியே மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால் அதற்கே 1,000 பவுண்ட் வரை தண்டம் உண்டு.

முதல் கடிதமே கிடைக்காமல் திடீரென்று கடன் பதிவு உத்தரவு வந்திருந்தால் எல்லாம் முடிந்துவிடவில்லை. கடிதம் கிடைக்கவில்லை என்று உண்மையுறுதி கூறி அந்த நோர்தாம்ப்டன் நிலையத்துக்கு விண்ணப்பித்தால், விஷயத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பலாம். குறித்த நாட்களுக்குள் செய்யவேண்டும். பொய்யாக எழுதுவது பாரதூரமான குற்றம், அதை மட்டும் மறவாதீர்கள்.

எங்கள் அலுவலகத்துக்குப் படிவங்களைக் கொண்டுவரலாமா என்று கேட்டவர்களுக்கு: தாராளமாகக் கொண்டுவாருங்கள். நாங்கள் சட்டத்தரணிகள் அல்லர், உங்களுக்காக வாதாட முடியாது. கடிதத்தை உங்களோடு உட்கார்ந்து வாசித்து, கடைசி நாள் எது என்று நாட்காட்டியில் வட்டம் போட்டுத் தரமுடியும். மேன்முறையீட்டில் வென்றவர்கள் மட்டும் எங்களுக்கு எழுதுகிறீர்கள். தோற்றவர்களும் எழுதுங்கள். நடுவர் எந்தக் காரணத்துக்காக மறுத்தார் என்ற அந்த ஒரு பந்தியை, உங்கள் பெயரையும் விலாசத்தையும் மறைத்து, அடுத்த இதழில் வெளியிட விரும்புகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்